வாத்து வால்

மருத்துவர் எழுதிக்கொடுத்த விளக்கெண்ணெயை முகர்ந்ததும், பந்தய என்ஜினில் அதே எண்ணெய் கருகி மணத்த அப்பாவின் தி. நகர் தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது. இன்று அது துணிக்கடையின் கார் நிறுத்துமிடம். சோழவரம் பந்தயத்தில் அப்பா ஓட்டுவதற்காக, பழைய காரைப் பிரித்து, தகரவேலை பாய் நாளெல்லாம் டொக் டொக்கென்று புது உடல் அடித்தார். நான் மூன்று வகுப்புகள் தேறினேன்; காரின் வால் தேறவில்லை.

“வாத்து மாதிரி வாலு வெச்சா காத்து சிரிக்கும் சார்.”

“நீ அடி பாய், காத்துகிட்ட நான் பேசிக்கிறேன்.”

ஆண்டுதோறும் இவர்கள் சண்டை முடியுமுன் பந்தயம் முடிந்தது. பிறகு அப்பா மாரடைப்பில் போனார். இறந்தவர் வண்டியைப் பெயர் மாற்றும் முறை இன்று எனக்கு மனப்பாடம். அன்று வீட்டில் யாருக்கும் அதுவும் தெரியாது, ஓட்டவும் தெரியாது; கார் கொட்டகையிலேயே நின்றது. காரியம் முடிந்த மறுநாள் பாய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: அப்பா கேட்ட அதே வாத்து வால்.

“இப்பவும் சிரிப்பாத்தான் கீது சார்” என்றார், காலி ஓட்டுநர் இருக்கையைப் பார்த்து.