கையால் மூடிய பத்தி

எங்கள் வீட்டில் சீரியல் நடுவே விளம்பரம் வந்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லியாக வேண்டும். "பாரு, அந்தச் சிறுக்கி நகையத் தூக்கிட்டு ஓடிடுவா" என்பாள் அம்மா. ஓடாவிட்டால், ஏன் ஓடவில்லை என்று மறுநாள் வரைக்கும் ஆராய்ச்சி நடக்கும். சிதம்பரத்தில் தங்கி, வேலைத் தேர்வுக்குக் கோச்சிங் சேர்ந்தபோது ஆங்கிலப் பத்திகளையும் நான் அப்படித்தான் படித்தேன். ஒன்றை முடித்ததும் அடுத்ததைக் கையால் மூடிக்கொண்டு, இன்னதுதான் வரும் என்று முணுமுணுப்பேன். பிறகுதான் கையை எடுப்பேன்.

கோச்சிங் சாருக்கு அது பிடிக்கவில்லை. வரிக்கு வரி அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்வதுதான் அவர் வழி. "கதை கட்டுறதுக்கு இது என்ன சினிமா கம்பெனியா?" என்று வகுப்பில் மானத்தை வாங்கினார். அதோடு விட்டாரா? கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்திலிருந்து அப்பாவை வரவழைத்து, "இது தேறாதுங்க. கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு பாடம் குடுங்க சார். அப்பா எதிர்க்கவே படிக்கிறேன்" என்றேன்.

அன்று காலை வகுப்பு எழுதிய தேர்வுத் தாளைத் தூக்கிப் போட்டார். அப்பாவை அழைத்துவர பஸ் ஸ்டாண்ட் போயிருந்ததால் நான் அதை எழுதவில்லை. ஒரு மீனவ ஊரில் எல்லாப் படகுக்கும் வலை நிறைய மீன் என்று தொடங்கியது. அடுத்த பத்தியை மூடிக்கொண்டேன்.

"எல்லாருக்கும் மீன் கெடச்சா வெல படுத்துடும் சார். அழுவாங்க."

கையை எடுத்தால் ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. "பாத்தியா? தப்பு!" என்று சிரித்தார்.

"இருங்க சார். ஏன் அழுவலன்னு பாக்க வேணாமா?"

விடாமல் தேடினேன். அந்த ஊருக்குப் புதிதாக ஐஸ் ஆலை வந்திருந்தது என்று ஓர் ஓரத்தில் ஒரே வரி. மீனை வைத்திருந்து நல்ல விலைக்கு விற்கலாம். அவர்கள் மகிழ்ச்சிக்கு என்ன காரணம் என்பதுதான் கடைசிக் கேள்வி. "ஐஸ் ஆலை" என்றேன். காலையில் வகுப்பே 'நிறைய மீன்' என்று எழுதித் தப்பு வாங்கியிருந்தது. திருத்திய தாள்கள் அவர் மேஜைமேல்தான் கிடந்தன.

சார் தொண்டையைச் செருமினார். "பரீட்சையிலயும் இப்பிடித்தான் கைய வச்சு மூடிக்கிட்டு உக்காருவியா?"

"உக்காருவேன் சார். தப்பாவும் சொல்லுவேன். அப்புறம் ஏன் தப்புன்னு படிப்பேன்."

அப்பா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "கடலூர் பஸ்ஸு இப்ப இருக்குமா சார்?" என்று கேட்டார். என் பையை எடுத்துக்கொண்டேன். நானும் எழுந்தேன்.

"நீ எங்க வர்ற? ஒக்காரு" என்றார் அப்பா.