சர்வீஸுக்குப் போன டயாலிசிஸ் வேன்

டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றி இறக்கும் தொழிலில் வண்டி ஒரு நாள் படுத்தால், யாராவது ஒருவர் உடம்பில் நீர் ஏறும். பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கோலா சிலாங்கூர் டயாலிசிஸ் மையத்துக்கு என் சொந்த வேனில் ஆள் ஏற்றுகிறேன். வண்டியை சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு, எப்போது போன் வருமென்று பார்த்துக்கொண்டு கிடந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

கம்ப்யூட்டர் சொன்னது

வேன் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாரம் ஏறினால் கியர் மாறாமல் இன்ஜின் மட்டும் அலறும். விற்ற கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனேன். கவுண்டரில் தாரணி என்ற பெண், மரியாதையாகப் பேசுவாள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, எரர் எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி போனேன். அதே பதில்.

சரஸ்வதி அக்காவிடம் சொன்னேன். சர்க்கரை வியாதியில் ஒரு காலை இழந்து, சக்கர நாற்காலியோடு வேனில் ஏறுபவர். பின்னாலிருந்து சிரித்தார். "அப்ப அந்தக் கம்ப்யூட்டரையே என் பக்கத்துல உட்கார வைங்க தம்பி. மேட்டுல ஏறும்போது தானா தெரிஞ்சுக்கும்."

ஃபோர்மேன் வந்தார்

அவர்கள் ஓட்டிப் பார்ப்பதெல்லாம் காலி வேனில், டவுனின் சமதளச் சாலையில். "ஆள் இருக்கும்போது தோட்டத்து ரோட்டுல வந்து பாருங்க" என்று விடாமல் கேட்டு ஃபோர்மேனை ஒருநாள் அழைத்து வந்தேன். செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் மேட்டில் வேன் உறுமி நின்று, பின்னால் நகர்ந்தது. அக்கா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்பாடா, கண்ணால் பார்த்துவிட்டார் என்று எனக்கு ஒரே நிம்மதி. அவர் இறங்கி, டயரைப் பார்த்து, மண்ணைக் காலால் தேய்த்தார். "வண்டில ஒண்ணுமில்லண்ணே. இந்த ரோட்டுக்கு நீங்க ஃபோர்வீல் எடுத்திருக்கணும் லா."

டோ லோரி

அடுத்த வாரம் உச்சி வெயிலில் வேன் நடுவழியில் அடியோடு நின்றது. உள்ளே அக்காவும், டயாலிசிஸுக்கு வரும் இன்னொருவரான, முன்பு உணவுக்கடை நடத்திய காதர் பாயும். கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். நின்ற வண்டியை இழுத்துப்போகும் டோ லோரி சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் ஆட்களை ஏற்ற அனுமதி இல்லையாம். அக்காவை நாற்காலியோடு இறக்கிக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்ட வாடகைக் கார்கள் நாற்காலியைப் பார்த்ததும் கிளம்பிவிட்டன.

கடைசியில் என் மைத்துனன் காரோடு வந்தான். அதற்குள் மையத்தில் அவர்களுடைய நேரம் தாண்டிவிட்டது. வேன் சங்கிலியில் தொங்கியபடி போன திசையையே காதர் பாய் பார்த்துக்கொண்டிருந்தார். "வேனைத் தூக்கிட்டுப் போக உடனே ஆள் வந்துட்டாங்க, பாத்தியா தம்பி. நமக்குத்தான் யாரும் வரல."

பார்ட் வரணும்

கியர்பாக்ஸ் போய்விட்டது என்று இப்போது ஒப்புக்கொண்டார்கள். பார்ட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். மாற்று வேன் கேட்டேன். அந்த வசதி இல்லை. மைத்துனன் காரை இரவல் வாங்கி ஓட்டினேன். பாய் எப்படியோ மடங்கி உட்கார்ந்துகொண்டார். அக்காவைத் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். அவர் மகளுக்குப் புஞ்சாக் ஆலாமில் ஃபேக்டரி வேலை, லீவு கிடைக்கவில்லை. அக்காவுக்கு ஒரு முறை டயாலிசிஸ் தவறியது. அடுத்ததும் தவறியது.

தினமும் காலையில் தாரணிக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். மேலிடத்துக்கு ஈமெயில் போட்டிருப்பதாகச் சொன்னாள். ஒரு விடியலில் அக்காவே கூப்பிட்டார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "படுக்க முடியல தம்பி... உக்காந்தே இருக்கேன். வேன் எப்ப வரும்?"

பத்துக்குப் பத்து

உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நுரையீரல் வரை நீர் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா திரும்பவில்லை. கருமாதி முடிந்த பிறகுதான் போன் வந்தது: வேன் ரெடி.

கழுவித் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். நாற்காலி ஏற்றும் பலகையைக்கூடத் தேய்த்திருந்தார்கள். அதில் ஏறுகிற அக்கா போய்விட்டார் என்று தாரணியிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, எங்க சர்வீஸ் பத்தி சர்வேக்குன்னு ஒரு போன் வரும். பத்துக்குப் பத்து சொல்லிடுங்கண்ணே, ப்ளீஸ். கொறஞ்சா என்னையத்தான் கேப்பாங்க."

வேன் இப்போது நன்றாகவே ஓடுகிறது, வாரண்டியும் இன்னும் முடியவில்லை. அந்த வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.