ஜெயபாண்டியின் பரிவட்டம்

இது சத்தியமாக நடந்தது. சோழவந்தானுக்கு மேற்கே அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வார்கள். நடக்கவேயில்லை என்று சாதிக்கிற ஒரே ஆள் ஜெயபாண்டி. நடந்தது அவருக்குத்தான்.

1997, பங்குனிப் பொங்கல். அவருடைய அண்ணன் மொக்கையன் செத்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. கோயிலில் முதல் பரிவட்டம் அண்ணனுக்குத்தான் கட்டுவார்கள். அவருக்குப் பிறகு அவர் மகன் சோணைக்கு என்பது முறை. ஜெயபாண்டியோ கஞ்சி போட்ட வேட்டி மொடமொடக்க, மதுரையிலிருந்து வீடியோக்காரரை வரவழைத்து, ‘பரிவட்டம் ஜெயபாண்டி’ என்று முதல் நாளே போஸ்டரும் ஒட்டிவிட்டார். ஒரு தடவை தலையில் ஏறிவிட்டால் போதும். அப்புறம் எவன் இறக்குவான்?

“உங்க அண்ணன் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு,” என்றாள் மொக்கையனின் மனைவி ஒச்சாயி.

“பாக்கட்டும் மதினி. அதுக்குத்தான வீடியோவே எடுக்கோம்.”

உச்சி வெயில். மணி பன்னிரண்டு. கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. ஜெயபாண்டி கண்ணை மூடிக் குனிந்து நின்றார்.

தலையில் துணி விழுந்தது.

ஈரமாக இருந்தது... பட்டு ஏன் ஈரமாக இருக்கிறது?

மண் வாடை அடித்தது.

துணி நெற்றியில் நிற்கவில்லை. கன்னம் வழியாக இறங்கியது... தாடைக்கு அடியில் போனது. சுற்றிய விரல்கள் சில்லென்று இருந்தன.

“யோவ் பூசாரி... போதும்யா.”

“அண்ணே, நான் இன்னும் கிட்டவே வரலையே!”

குரல் தூரத்திலிருந்து வந்தது.

உச்சந்தலையில் முடிச்சு விழுந்தது.

ஒன்று...

இரண்டு...

வாய் மூடிக்கொண்டது.

கொட்டு நின்றது. ஜெயபாண்டி கண்ணைத் திறந்தார். பூசாரி விருமாண்டி பத்தடி தள்ளி நின்றார். கையில் தட்டு. தட்டில் பட்டு, மடித்தது மடித்தபடி.

ஒச்சாயிதான் வந்து அவிழ்த்தாள். ஒரே இழுப்பு. அந்த முடிச்சு அவளுக்குத் தெரிந்திருந்தது.

“இது நாடிக்கட்டுல்ல... எங்க வீட்டுக்காரரு வாய் தெறந்துறக்கூடாதுன்னு நான்தான் கட்டுனேன். இதோடதான புதைச்சோம்...”

பட்டு சோணையின் தலைக்குப் போனது. ஜெயபாண்டி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தாடை இரண்டு நாள் திறக்கவில்லை.

சாயங்காலம் நாலு பேர் மயானத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். குழிமேட்டில் ஒரு கீறல் இல்லை. புல் முளைத்துக் கிடந்தது.

துணியில் நீலக் கோடு இருந்தது. சாவு விழுந்த அவசரத்தில், கொடியில் கைக்குக் கிடைத்ததைக் கிழித்து நாடி கட்டியிருந்தாள் ஒச்சாயி. அது ஜெயபாண்டியின் பழைய பட்டாபட்டி டிராயர்.