உள்பக்கத்துச் சிவப்பு நூல்

சென்ற வியாழக்கிழமை காலை வெள்ளிமலையிலிருந்து தொலைபேசி வந்தது. "டீச்சர், டெய்லர் அண்ணன் போய்ட்டாருங்க" என்றாள் என் பழைய மாணவி. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில், மலையிறக்கத்திலேயே மாசிலாமணி அவர்களின் மூச்சு நின்றுவிட்டது. பேப்பரில் வருகிற சாவு அல்ல அது. அதனால்தான் எழுதுகிறேன்.

கல்வராயன் மலை உறைவிடப் பள்ளியில் நான் தையல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. பள்ளி மிஷின்கள் துணியின் அடிப்பக்கம் கண்ணி கண்ணியாக நூலைக் கக்கிக்கொண்டிருந்தன. பாபின் பெட்டியின் திருகை நான் முறுக்காத நாளில்லை. கடைவீதியில் புதிதாகக் கடை போட்டிருந்த டெய்லரை அழைத்துவந்தார்கள். ஒல்லியான மனிதர், முகத்தில் சிரிப்பே கிடையாது.

"கீழ கண்ணி வுழுதுன்னா கோளாறு மேலங்க டீச்சர். கீழ இருக்கறத இன்னாத்துக்குப் போட்டு முறுக்கிக்கினு இருக்கீங்க?"

மேல்நூலை அவிழ்த்து, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காரவைத்தார். பாபினில் சிவப்பு நூலைச் சீராகச் சுற்றிப் பெட்டியில் போட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டார். கையை லேசாக வெட்டியதும் பெட்டி சற்றே இறங்கி நின்றது. "சரசரன்னு எறங்குனா லூசு. அசையவே இல்லன்னா டைட்டு. இப்படி நிக்கணும்." மேலே வெள்ளை நூலைக் கோத்து வெள்ளைத் துணியில் தைத்தார். மேற்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

"மிச்ச நூலயெல்லாம் கீழதான் சுத்துவேன். டென்ஷன் சரியா இருந்தா வெளிய தெரியாது. தெச்சவனுக்குத்தான் தெரியும்" என்றவர், "தெரிஞ்சி இன்னா பிரயோஜனம்?" என்று எழுந்து போய்விட்டார்.

அப்படி ஏன் சொன்னார் என்பது அவரோடு நன்கு பழகிய பிறகுதான் தெரிந்தது.

பெண்ணையாற்றுப் பக்கம் ஓர் ஊரின் காலனியில் பிறந்தவர் அவர். ஊருக்கும் காலனிக்கும் அவர்தான் டெய்லர். இட ஒதுக்கீடு கேட்டு ஊர்க்காரர்கள் போராடிய வருடம், புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள், பஸ் ஓடவில்லை. "அவங்க கேட்டது ஞாயந்தாங்க. படிச்ச புள்ளைங்களுக்கு வேல வேணுமில்ல?" என்று அவரே சொல்வார். மறியலுக்குக் காலனி ஆட்கள் வரவில்லை என்று பேச்சு தடித்தது. ஒரு மத்தியானம் கூட்டம் காலனிக்குள் புகுந்தது. கரும்புக்குள் ஓடி ஒளிந்த அவரும் மனைவியும் தங்கள் கூரை எரிவதை அங்கிருந்தே பார்த்தார்கள். மிஷின் வீட்டுக்குள் கிடந்தது.

"மூஞ்சியத் துண்டால கட்டிக்கினு வந்தாங்கன்ற. அப்புறம் ஆளு எப்படித் தெரியும்?" என்று ஸ்டேஷனில் கேட்டார்களாம்.

"சட்டைய மூடிக்கினு வரலீங்களே. எல்லாம் நான் தெச்ச சட்டைங்க. அதுல ஒருத்தன் போட்டிருந்த நீலக்கோடு சட்டைக்கு உள்பக்கம் செவப்பு நூல் வுட்டிருக்கேன். கழட்டித் திருப்பிப் பாருங்க."

"ஊரு பூரா சட்டையக் கழட்டச் சொல்றியா?"

சிரித்தார்கள். ஒரு சட்டையைக்கூட யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. வழக்கு அங்கேயே செத்தது. அமைதிக் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஊர்ல தெக்க ஆளில்ல மாசிலாமணி. ஆனது ஆச்சு, நீ பாட்டுக்கு வந்து தெச்சிக்கினு இரு" என்றாராம். அவரோ மலையேறிவிட்டார். மனைவி வர மறுத்துத் திருநாவலூரில் தாய்வீட்டுக்குப் போனார், கடைசிவரை வரவில்லை.

போராட்டம் பலித்தது. ஒதுக்கீடு கிடைத்தது. பல வருடம் கழித்து அதே ஊரிலிருந்து ஓர் இளைஞர் எங்கள் மலைக்கு அரசு வேலையில் வந்தார். சட்டைத் துணியோடு கடைக்கு வந்து, "உங்க தையலப் பத்தி அப்பா சொல்வாருங்க" என்றார். நானும் அங்கே இருந்தேன். தந்தையின் பெயரைக் கேட்டதும் மாசிலாமணி அவர்கள் துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்கப்பாகிட்ட ஒரு நீலக்கோடு சட்ட இருந்துச்சு. இன்னும் வெச்சிருக்காரான்னு கேட்டுக்கினு வாங்க தம்பி. அதுக்கப்புறம் இதத் தெக்கறேன்."

இளைஞர் விழித்தார். போனவர் மறுபடி வரவேயில்லை.

"அந்தப் பையன் என்னண்ணே பண்ணான்?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணல. என் வூடு மட்டும் இன்னா டீச்சர் பண்ணுச்சி?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுத்ததில்லை.

அடக்கத்துக்குக் காலனியிலிருந்து உறவினர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். பிறந்த மண்ணுக்குக் கொண்டுபோகலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. அங்கே காலனிப் பிணம் இன்றைக்கும் ஊர்த்தெரு வழியாகப் போக முடியாது. வாய்க்கால் வரப்பில் சுற்றித்தான் தூக்கிப்போக வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். மலைக்காரர் ஒருவர், "எங்க கொல்லையில வைங்க, யாரு கேக்கப்போறா" என்றார். கடுக்காய் மரத்தடியில் குழி வெட்டினார்கள். தூறல் விழுந்துகொண்டே இருந்தது. ஈரமண்ணை ஒரு பிடி அள்ளிப் போட்டேன்.

போய் வாருங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அண்ணே. இங்கேயே இருங்கள். இங்கிருந்து உங்களை யாரும் துரத்த மாட்டார்கள்.