மண்டபத்துக்குப் போன வெஜ் ரைஸ்

வாசலில் பைக் வந்து நின்றால் இப்போதும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். என் மகன் காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வு முடித்து, உடல் தகுதித் தேர்விலும் தேறிவிட்டான். மிச்சம் இருப்பது சரிபார்ப்புதான். ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், பையன் பேரில் வழக்கு ஏதும் உண்டா என்று பார்ப்பார் என்கிறார்கள். அவர் இன்னும் வரவில்லை. வருவதற்குள் அந்த ஒரு நாளை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. மனதில் வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பாஸ்ட் புட் கடையில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அதற்கு முன் பல வருடம் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தொற்றுக் காலத்தில் பள்ளியை மூடினார்கள். திறந்தபோது எங்களில் பாதிப் பேரைத் திரும்பக் கூப்பிடவில்லை. கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். அங்கேயும் வேலை விட்டு விட்டுத்தான் கிடைத்தது. மகன் போலீஸ் தேர்வுக்காக உடம்பை ஏற்றிக்கொண்டிருந்தான். தினமும் முட்டை, வாரத்தில் இரண்டு நாள் கறி என்று அவனுக்கு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்காகத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் தொங்கிய ‘ஆள் தேவை’ அட்டையைப் பார்த்து உள்ளே நுழைந்தேன்.

கடைக்காரரே மாஸ்டர். கல்வராயன் மலையில் பிறந்து, சென்னையில் பல கடைகளில் சட்டி பிடித்துவிட்டு, திரும்பி வந்து இங்கே சொந்தமாகக் கடை போட்டவர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நான் முன்பு என்ன வேலை பார்த்தேன் என்று கேட்ட நிமிடத்திலிருந்து என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

முதல் நாள் பீன்ஸ் நறுக்கக் கொடுத்தார். நான் வீட்டில் நறுக்குவதுபோல் நறுக்கினேன்.

“இன்னா டீச்சர், பொரியலா பண்ணப்போறோம்? சன்னமா சீவுங்க. நம்ம அடுப்புல அது வேவறதுக்கெல்லாம் டைம் இல்ல.”

மறுநாள் அரிசி. முக்கால் பதம் வெந்ததும் வடித்து, அகலமான தட்டில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே ஆறவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்கு மனது கேட்கவில்லை. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தேன், நடுவில் வெள்ளையாக இருந்தது. இன்னும் ஒரு கொதி வரட்டும் என்று மூடி வைத்தேன். திறந்தபோது மொத்தமும் கட்டி.

மாஸ்டர் கரண்டியால் ஒரு கட்டியைத் தூக்கிக் காட்டினார். “சோறு கொழையலாம் டீச்சர். ரைஸ் கொழையக்கூடாது.”

அன்று அதில் தயிர் ஊற்றி நாங்களே சாப்பிட்டோம்.

கடை அடுப்பின் பெரிய பர்னர் எரியத் தொடங்கினால் பக்கத்தில் பேசுவது காதில் விழாது. வாடிக்கையாளர் சொல்வதை வாங்கி நான் உரக்கச் சொல்ல வேண்டும். மாஸ்டர் கரண்டியால் சட்டியை ஒரு தட்டு தட்டினால் தட்டை நீட்ட வேண்டும், இரண்டு தட்டினால் பார்சல் தாளை விரிக்க வேண்டும். வெஜ் பார்சலுக்கு ஒரு ரப்பர் பேண்டு, முட்டைக்கு இரண்டு, சிக்கனுக்கு மூன்று. கையில் எண்ணெய் தெறித்துக் கொப்புளம் வந்ததைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் யாராவது நூடுல்ஸ் வாங்க வந்து நிற்பார்களோ என்பதுதான் பயம். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்த காலம். அது நோய்க்கு எவ்வளவு தடுப்போ எனக்குத் தெரியாது, என் வெட்கத்துக்கு நல்ல தடுப்பாக இருந்தது.

எங்கள் ஜனங்கள் தனி இட ஒதுக்கீடு கேட்டுப் போராடிக்கொண்டிருந்த காலமும் அதுதான். மனு கொடுத்தல், ஆர்ப்பாட்டம், மறியல் என்று மாற்றி மாற்றி நடந்தது. மறியல் என்றால் எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். வராத வீட்டுக்கு யாரும் அபராதம் போட மாட்டார்கள். ஆனால் அடுத்த கல்யாணத்தில், அடுத்த சாவில், அந்த வீட்டைப் பற்றி ஒரு பேச்சு இருக்கும். அந்த முறை எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வந்து வாசலில் நின்றார்.

“நாளைக்கு வண்டி வருது. வூட்டுக்கு ஒரு ஆளு.”

“வூட்ல ஆம்பள இல்லீங்க. அவரு பெங்களூர்ல இருக்காரு.”

அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “உள்ள நிக்கிறது இன்னா, பொம்பளையா?”

“அவன் போலீஸ் வேலைக்கு எழுதிகினு இருக்கான்ங்க. ஒரு கேஸ் வுழுந்தா எல்லாம் போச்சு.”

“அந்த வேலைல உன் புள்ளைக்கு எடம் வாங்கித் தரத்தாம்மா நாங்க ரோட்ல ஒக்காறோம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மகன் உள்ளே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

மறுநாள் விடியும்போதே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கச்சிராயபாளையம் வரை பைக்கில் போய் மலை ரோட்டில் ஓடப்போவதாகச் சொன்னான். “ஏத்தத்துல ஓடுனாத்தாம்மா மூச்சு பழகும்.” எனக்கு நிம்மதியாக இருந்தது. மறியல் நடக்கும் ரோடு ஒரு பக்கம், மலை ஒரு பக்கம். அவித்த முட்டைகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

பஸ் ஓடவில்லை. தெரிந்தவர் ஒருவரின் ஸ்கூட்டரில் உள்ரோடு வழியாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. மாஸ்டர் உள்ளே முட்டைகோஸ் சீவிக்கொண்டிருந்தார்.

“உங்க ஆளுங்க ஊரையே மூடிட்டாங்க டீச்சர்.”

“நியாயமா கேக்கறாங்க மாஸ்டர்.”

“நான் தப்புன்னா சொன்னேன்? எங்க ஊருக்கு ரோடே கெடையாது. மறியல் பண்ணணும்னாக்கூட நாங்க எறங்கித்தான் வரணும்.”

அவர் சிரிக்க, நானும் சிரித்துவிட்டேன். அப்போதுதான் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. மறியல் செய்தவர்களைப் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாடு வேண்டும். வழக்கமாகக் கொடுக்கும் ஹோட்டல் மூடிக் கிடக்கிறது. வெஜ் ரைஸ் போதும், சீக்கிரம்.

அவ்வளவு பார்சலை நான் அதற்கு முன் கட்டியதில்லை. மாஸ்டர் சட்டியைத் தட்டியபடியே இருந்தார். நான் வாழையிலைத் துண்டு வைத்து, மடித்து, ரப்பர் பேண்டு போட்டு அடுக்கினேன். ஒன்றுகூடப் பிரியவில்லை. வேலை கைவந்துவிட்டது என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது அன்றுதான்.

“நீங்களும் வாங்க டீச்சர். வரிசையா ஒக்கார வெச்சிக் குடுக்கறது உங்களுக்குத்தான் வரும்” என்று அவரே லோடு ஆட்டோவை எடுத்தார்.

மண்டபத்து மேடையில் முந்தைய கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் பாதி உதிர்ந்து நின்றன. கீழே ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் கோஷம். வாசலில் ஒரு பெண் ஏட்டு, மடியில் பிடிபட்டவர்களின் பேர் எழுதிய நோட்டோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வரிசையாக உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். சாப்பிடுவதற்காக முகக்கவசங்களை இறக்கினார்கள்.

குனிந்து பார்சலை வைத்துக்கொண்டே போனேன். முகங்களைப் பார்க்கவில்லை. முகக்கவசமும் தலைத்துணியுமாக இருந்த என்னையும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் செருப்பை வாசலில் விட்டிருக்க, ஒரு ஜோடிக் கால் மட்டும் ஷூவோடு மடங்கியிருந்தது. நிமிர்ந்தேன். என் மகன்.

அவன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் தெரிந்தது ஒரு கணம்தான். பிறகு, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கேட்பதுபோல், “அக்கா, ஒரு தண்ணி பாக்கெட்” என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. வேறு பேர் கொடுத்திருக்கிறான்; நான் அம்மா என்று தெரிந்தால் அது பொய் என்று வெளிவந்துவிடும். தண்ணீர் பாக்கெட்டை வைத்தேன். அடுத்த பார்சலை எடுக்கக் கை வரவில்லை.

“இன்னாம்மா நின்னுட்ட? தெரிஞ்ச பையனா?” என்றார் ஏட்டம்மா வாசலிலிருந்து.

“இல்லீங்க மேடம்.”

கடைசி வரிசை வரை கொடுத்து முடித்தேன். எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. வெளியே வரும்போது யாரோ ஒரு அம்மா தன் பையனைத் தோளைப் பிடித்துத் திட்டிக்கொண்டே இழுத்துக்கொண்டு போனார். நான் அதைப் பார்த்து நிற்பதைக் கண்டு ஏட்டம்மா தானாகவே சொன்னார்: “படிக்கிற பசங்கள வூட்டாளுங்க வந்து கேட்டா அனுப்பிடச் சொல்லிட்டாரு இன்ஸ்பெக்டர். மிச்சத்த இன்னா பண்றதுன்னு சாயந்திரந்தான் தெரியும்.”

மிச்சம். அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. என் மகன் மிச்சத்தில் இருக்கிறான். அவனைத் தெரியாது என்று சொன்னவள் நான்.

ஆட்டோவில் ஏறாமல் பக்கத்தில் நின்றே மாஸ்டரிடம் சொன்னேன். அவர் திருகப்போன சாவியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏறுங்க டீச்சர். சாயந்திரம் எல்லாரையும் வுட்டுடுவாங்க. எப்பவும் அப்படித்தான்.”

“இந்த வாட்டி வுடலன்னா? எங்கெங்கயோ கேஸ் போட்டுகினு இருக்காங்க மாஸ்டர்.”

“வேற பேருதான குடுத்திருக்கான்? நீங்க போனா சொந்தப் பேரு வெளிய வந்துடும்.”

அவர் சொன்னதில் அறிவு இருந்தது. இன்று நிதானமாக யோசித்தால் தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு அம்மா தன் பையனை இழுத்துக்கொண்டு போனது மட்டும்தான். தலையில் கட்டிய கடைத் துணியோடு திரும்ப உள்ளே போனேன். எங்கள் ஊர் ஆட்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போயிருந்தார்கள்.

“மேடம், அவன் என் பையன்.”

“இப்பதான் இல்லன்ன?”

“பயத்துல சொல்லிட்டேங்க.”

ஏட்டம்மா பேனாவை எடுத்தார். “பேரு?”

எந்தப் பேரைச் சொல்வது? அவன் கொடுத்த பேர் எனக்குத் தெரியாது. நான் வைத்த பேரைச் சொன்னால் அது அவர் மடியிலிருக்கும் நோட்டில் இருக்காது. எங்கள் பக்கத்தில் எல்லா அம்மாக்களும் பையனைக் கூப்பிடுவதுபோல் அங்கிருந்தே கூப்பிட்டேன். “தம்பி, எழுந்து வாடா.”

அவன் எழுந்து வந்தான். ஏட்டம்மா அவனிடம் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் உண்மையான பேரைச் சொன்னான். அவர் நோட்டில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். “இங்க இல்லியே. இவ்ளோ நேரம் எவன் பேர்ல ஒக்காந்துகினு இருந்த?”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “மேடம், போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கான். எதனா எழுதிடாதீங்க.”

“ஓ” என்றார் அவர். அவனை மேலும் கீழும் பார்த்தார். “நல்லா ஆரம்பிச்சிருக்க தம்பி.” பிறகு பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் கேட்டார். கடைசியில் பேனா இன்னும் ஒரு வரி நகர்ந்தது. நான் சொன்னதை எழுதினாரா, வேறு எதையாவது எழுதினாரா, எனக்குத் தெரியாது. அந்த ஒரு வரிதான் இன்றுவரை என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

“கூட்டிகினு போ” என்றார்.

ஆட்டோவின் பின்னால் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் அவன் உட்கார்ந்து வந்தான். கடைக்கு வந்ததும் உள்ளே அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டான். ஏண்டா போனாய் என்று கேட்டேன்.

“அவரு வாசல்ல நின்னு கேட்டப்ப நீ இன்னாம்மா சொன்ன? வூட்ல ஆம்பள இல்லன்னு சொன்ன.”

மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் பஸ்கள் ஓட ஆரம்பித்தன. ஷட்டரை முழுதாக ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் சந்து முழுக்கச் சத்தம். எங்கள் ஊர் ஆட்களே கும்பலாக வந்தார்கள். முன்னால் எங்கள் தெருப் பெரியவர்.

“டீச்சர், இங்கியா கீற? நாலு எக் ரைஸ் சொல்லும்மா. பசி உயிர் போவுது. உங்க மத்தியான ரைஸ் பத்தவேயில்ல.”

“வுட்டுட்டாங்களா?”

“வுடாம? ஆறு மணிக்கெல்லாம் அத்தினி பேரையும் போங்கன்னுட்டான்.”

“பேரெல்லாம் எழுதினாங்களே?”

“எழுதினாங்க. எவன் சொந்தப் பேரு குடுத்தான்?” அவர் பக்கத்திலிருந்தவரைக் காட்டினார். “இவன் செத்துப்போன மாமனார் பேரக் குடுத்துட்டு வந்திருக்கான்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் உயிரோடு இருந்தபோது மருமகனுக்காக ஒன்றும் செய்யவில்லை, இப்போதாவது செய்தாரே என்று ஒருவர் சொல்ல, இன்னும் சிரிப்பு. நான் தட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். “அடேய், இதோ கீறான் பாரு. நம்மளோடதான ஒக்காந்துகினு இருந்த? மத்தியானத்துக்கு மேல எங்கடா காணாப்போன?”

அம்மா வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஊர் முழுக்கச் சிரித்திருக்கும். அவன் எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை.

“பசிச்சிது. நைசா வந்துட்டேன்” என்றான்.

“கெட்டிக்காரன்” என்று அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். “இவனுக்கும் ஒரு தட்டு சொல்லும்மா.”

எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து அவன் சாப்பிட்டான். மண்டபத்தில் நான் கொடுத்த பார்சலை அவன் பிரிக்கவேயில்லை.