இருபத்திரண்டு டயர்

இசக்கிராஜாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. என் வலது காதைச் செவிடாக்கியவன் அவன். ஜாக்கி கம்பியால் ஒரே அடி. தாடை உடைந்து, கம்பி போட்டுக் கட்டி, ஆறு வாரம் கஞ்சியை உறிஞ்சிக் குடித்தேன். தாடை கூடிவிட்டது. தலைக்குள் மட்டும் அன்றிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம், தூங்கினாலும் நிற்பதில்லை.

நாங்கள் இருவரும் முத்தையாபுரத்தில் ஒரே முதலாளியிடம் டிரெய்லர் ஓட்டுகிறவர்கள். துறைமுக வாசலில் கண்டெய்னர் வண்டிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும். அன்றைக்கு அவன் வண்டிக்கு முன்னால் என் வண்டியை நுழைத்தேன். ஏன் என்று கேட்டான். அவன் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னேன். அதை மறைக்க மாட்டேன். அவனும் பதிலுக்கு என் அம்மாவைத் திட்டியிருக்கலாம், கணக்கு சரியாகியிருக்கும். அவன் கம்பியோடு இறங்கினான்.

முதலாளி போலீஸ் ஸ்டேஷனில் பேசி சமாதானம் என்று எழுதி வாங்கினார். வேலை போய்விடும் என்ற பயத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். இன்றுவரை அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னொரு தடவை எவன் மேலாவது கை வைத்தால் பழைய புகாரும் சேர்ந்து எழும்பும் என்று இன்ஸ்பெக்டர் அவனிடம் சொல்லி அனுப்பினார். அவன் பெண்டாட்டி உமாராணியும் அதையேதான் சொன்னாள். அவள் முதுகும் அவன் கையை அறிந்த முதுகுதான். இனி யாரை அடித்தாலும் தன்னை மறந்துவிட வேண்டியது என்று சொல்லிவிட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஆக, அவன் கை ஒரு தடவை இறங்கினால் போதும், ஜெயில் வரும், பெண்டாட்டி போவாள். அந்த ஒரு தடவைக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

கோபத்தை அடக்கட்டும் என்று முதலாளி அவனை ஒரு தியான வகுப்புக்கு அனுப்பினார். கல்யாண மண்டபத்தில் பத்து நாள். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்களாம். இவனுக்குக் கண்ணை மூடினால் என் முகம்தான் வந்திருக்கிறது, ரத்தத்தோடு. மூன்றாம் நாள் நடுவில் எழுந்து மண்டபத்தின் கண்ணாடிக் கதவில் ஒரு குத்து விட்டான். புறங்கையில் ஏழு தையல். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் வண்டியை எடுக்கும்முன் டயர்களைக் கம்பியால் தட்டிப் பார்ப்போம். காற்று நிறைய இருந்தால் கணீர் என்று கேட்கும், குறைந்திருந்தால் தொப்பென்று கேட்கும். டிரெய்லருக்கு இருபத்திரண்டு டயர். ஜோடியாக இருக்கும் சக்கரத்தில் உள்டயர் காற்றிழந்தால் கண்ணுக்குத் தெரியாது, வெளிடயர் தாங்கிக்கொண்டே இருக்கும். பாரத்தோடு போகும்போது அதுவும் வெடித்தால் வண்டி கவிழும். அதனால் காதுதான் எங்களுக்குக் கண். என் காது போனதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது புரிந்திருக்கும்.

வகுப்பிலிருந்து விரட்டப்பட்டவன் தன் ஆத்திரத்தையெல்லாம் டயர் மேல் காட்டினான். அதே கம்பிதான். வண்டிகள் நிற்கும் யார்டு முழுக்க அந்த அடி கேட்கும். ஒவ்வொரு டயரையும் செபாஸ்டினாகிய என் மண்டை என்று நினைத்துத்தான் அடிக்கிறான் என்று மற்றவர்கள் என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தார்கள். ஒருநாள் ஓங்கி அடித்த வேகத்தில் கம்பி ரப்பரில் எகிறித் திரும்பி வந்து அவன் வாயிலேயே விழுந்தது. முன்பல் இரண்டும் போயின. எனக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு ருசித்தது.

அதற்கப்புறம் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தான். சக்கரத்தின் முன்னால் நிற்பான், மூச்சை விடுவான், ஒரு தட்டு. அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை கேட்டுவிட்டுத்தான் அடுத்த டயர். நாங்கள் இரண்டு நிமிஷத்தில் முடிப்பதற்கு அவனுக்கு அரைமணி ஆகும். நடுவில் மனம் வேறெங்காவது போனாலோ, யார் மேலாவது கோபம் வந்தாலோ, மறுபடி முதல் டயரிலிருந்து. இது அவனாக வைத்துக்கொண்ட சட்டம். சில நாள் நாலு தடவை முதல் டயருக்குத் திரும்புவான். இசக்கி பூசை ஆரம்பித்துவிட்டது என்று பையன்கள் கேலி செய்வார்கள். அதற்கும் கோபம் வரும், அதற்கும் முதலிலிருந்து.

தன் வண்டி முடிந்ததும் என் வண்டிக்கு வருவான். நான் வரச் சொல்லவில்லை. என் வண்டியைத் தொடாதே என்று நாலு பேர் முன்னால் கத்தியிருக்கிறேன். தட்டி முடித்துவிட்டுத்தான் போவான். அந்தப் பெருந்தன்மையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

போன மாசி மாதத்தில் ஒருநாள் காலை, அன்று சாயங்காலம் உமாராணி தாய்வீட்டிலிருந்து திரும்பி வருகிறாள் என்று யார்டில் பேசிக்கொண்டார்கள். அவன் என் வண்டியில் ஒன்பதாவது டயருக்கு வந்திருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“ஏலே, உம் பொண்டாட்டி திரும்பி வாராளாமே. அங்கன எவன் வெரட்டி விட்டான்?”

அவன் திரும்பினான். கழுத்து நரம்பு புடைத்தது. கம்பி தலைக்கு மேலே போனது. நான் நகரவில்லை. நல்ல காதைத் திருப்பிக் காட்டி, இதையும் எடுத்துக்கொள் என்றேன். கம்பி அப்படியே மேலே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவன் கை தானாகத் தாழ்ந்தது. முதல் டயருக்கு நடந்தான்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பின்னாலேயே போய்க் கம்பியைப் பிடுங்கி அவன் தோளில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் அந்தக் கீச்சையும் தாண்டித் தெளிவாகக் கேட்டது. அவன் முகம் குப்புற விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம் மண்ணில் வடிந்தது. இன்னொரு அடிக்கு ஓங்கினேன். யாரோ பின்னால் இருந்து என்னைக் கட்டிப் பிடித்தார்கள். கம்பி கீழே விழுந்தது.

அவன் எழுந்தான். வலது கை தொங்கியது. இடது கையால் கம்பியை எடுத்தபோது அத்தனை பேரும் விலகினார்கள். நான் செத்தேன் என்றுதான் நினைத்தேன். அவன் முதல் டயரைத் தட்டினான். ரத்தத்தைத் துப்பிவிட்டு இரண்டாவதைத் தட்டினான். பதினாறாவதில் நின்று, மறுபடி ஒரு தடவை தட்டிக் கேட்டான்.

“உள்டயரு செத்துக் கெடக்கு அண்ணாச்சி. வண்டிய எடுக்காதிய” என்றான். அப்படியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.

அன்று நான் இருபத்தேழு டன் பாரத்தோடு மதுரை ரோட்டில் போக வேண்டியவன்.

நான்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வண்டியிலிருந்து விழுந்ததாக டாக்டரிடம் சொன்னான். சாயங்காலம் உமாராணி பையும் கையுமாக நேரே அங்கே வந்தாள். வார்டு வாசலில் நின்று அவன் தோளில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள், உள்ளே போகவில்லை. விழுந்த கதையை அவள் நம்பவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்புகிறவள் மாதிரி பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பெஞ்சில் இருந்த என்னிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, உள்ளதச் சொல்லுங்க. அவிய கைய ஓங்குனாவளா?”

ஓங்கினான் என்ற ஒரு வார்த்தை போதும். அது பொய்யும் இல்லை. ஒன்றரை வருஷம் நான் காத்திருந்தது என் நாக்கு நுனியில் இருந்தது.

“ஓங்குனான்மா. எறக்கல. அடிச்சது நான்” என்றேன்.

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் பையை என் பக்கத்தில் வைத்து, இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போனாள்.

அவன் தோள் எலும்பு கூடுவதற்கு மூன்று மாதமாகும் என்றார்கள். மறுநாள் காலை அவன் கம்பியை எடுத்துக்கொண்டு என் வண்டியின் முதல் டயர் முன்னால் நின்றேன். மூச்சை விட்டேன், தட்டினேன், நல்ல காதைச் சாய்த்துக் கேட்டேன். ஐந்து வரை போனேன். ஆறாவதில் அவன் எலும்பு முறிந்த அந்தச் சத்தம் தலைக்குள் வந்தது. மறுபடி முதல் டயருக்கு நடந்தேன்.