எந்த மரத்தில் மணம்

தீவில், எங்கள் கரம்பொன் வீட்டு வளவில் நிற்கும் சந்தன மரங்களில் ஒன்றைக்கூட நாங்கள் நடவில்லை. அப்பா மலைநாட்டில் பண்டாரவளையில் கடை வைத்திருந்த காலத்தில் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தது ஒரேயொரு கன்று. நாங்கள் இடம்பெயர்ந்து வருடக்கணக்காக அலைந்து திரும்பி வருவதற்குள் அது காய்த்துப் பட்டும் போய்விட்டது. பழத்தைத் தின்ற குயில்கள் வேலியோரம், ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், பக்கத்து வளவின் இடிந்த அடுப்படிக் குசினிக்குள் என்று கண்ட இடமெல்லாம் விதைத்து வைத்திருந்தன. எல்லாம் ஒரு தாயின் பிள்ளைகள் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஒன்றுக்கு இலை அகலம், மற்றதுக்கு ஒடுங்கல். ஒன்றின் பட்டை சாம்பல் நிறத்தில் வழுவழுப்பு, மற்றது கறுத்து வெடித்தது. சந்தனம் அயல் மரத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சி வளர்வது, ஒன்று அப்படிக் கிளுவை வேலியின் வேரை உறிஞ்சிக் கொழுத்து நின்றது. அதே வேலியில் நின்ற அடுத்த மரம் என் கைப்பருமனைத் தாண்டவில்லை.

அம்மாவுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. தீவை விட்டு ஓடிய நாளில், கிணற்றடிக் கன்றைப் பார்த்து, மூன்று பிள்ளைகளும் உயிரோடு மிஞ்சினால் இந்த வளவுச் சந்தனத்தை அரைத்து நயினாதீவு அம்மனுக்குச் சாத்துவேன் என்று நேர்ந்தவர். மூன்று பேரும் மிஞ்சினோம். அண்ணை ரொறன்ரோவில், தங்கச்சி பாரிசில், நான் அம்மாவோடு. அம்மாவால் இனிக் குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்கு வள்ளம் ஏற முடியாது. சாப்பாடும் குறைந்துவிட்டது. நேர்த்தியைத் தீர்க்காமலே அவர் கண்ணை மூடிவிடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பயத்தில் ஒரு மரத்தை நானே வெட்டுவித்திருக்கலாம். ஆனால் எங்கள் தீவில் ஒரு பூவரசங் கொப்பைத் தறிப்பதென்றாலும் வெளிநாட்டைக் கேட்டுத்தான் தறிப்பது. வாட்ஸ்அப் குழுவில் மரங்களைப் படம் பிடித்துப் போட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தலையிடி.

"பெருத்த மரத்தைத்தான் வெட்டோணும். பெருத்ததிலதான் நடுவில மணக்கிற வயிரம் இருக்கும்," என்றார் அண்ணை.

"இன்ரநெற்றில பார்த்தனான் அக்கா, இலையைப் பார்த்துச் சொல்லலாமாம். அகல இலையை வெட்டச் சொல்லுங்கோ," என்றாள் தங்கச்சி. எந்த மரத்தின் இலை அகலம் என்று அவளுக்குப் படத்தில் தெரியவில்லை. இலைகளைப் பிடுங்கிக் கதிரையில் அடுக்கி மறுபடி படம் எடுத்து அனுப்பினேன். பைத்தியக்காரி மாதிரி.

எனக்கும் ஒரு எண்ணம் இருந்தது. ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நிற்கும் கோணல் மரத்தின் கொப்பு ஒன்று காற்றில் முறிந்தபோது, முறிவில் மஞ்சளாய் ஒரு கோடு தெரிந்தது. மூக்கை வைத்துப் பார்த்தேன், மணத்தது. சந்தனம்தான் மணத்ததா, என் ஆசை மணத்ததா என்று இன்றைக்கும் சத்தியம் செய்யமாட்டேன். ஆனாலும் சொன்னேன். "அந்தக் கோணலிலயோ?" என்று அண்ணை சிரித்தார். அதோடு என் கதை முடிந்தது.

மரம் தறிக்க அல்லைப்பிட்டியிலிருந்து ஒருவர் வந்தார். எந்த மரம் மணக்கும் என்று அவரிடமும் கேட்டேன்.

"வெளியில நிண்டு பார்த்து ஒருத்தராலும் சொல்ல ஏலாது அக்கா. வெட்டினாத்தான் தெரியும். நானும் இண்டைக்குத்தான் சந்தனம் தறிக்கிறன்."

ஊர் விதானையாரிடம் சொல்லி, எடுக்கவேண்டிய அனுமதி எல்லாம் எடுத்து, வேலியோரத்தில் அகல இலையோடு நின்ற பெருத்த மரத்தைச் சாய்த்தோம். அண்ணை தூக்கத்தை விட்டுவிட்டும் தங்கச்சி வேலையை விட்டுவிட்டும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குற்றியின் நடுவில் இளமஞ்சளாய் வயிரம் நல்ல அகலத்துக்கு இருந்தது. அண்ணை கைதட்டினார். தங்கச்சி அழுதாள். நான் குனிந்து மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

பச்சை மரம், காயட்டும் என்று பொறுத்தேன். நிழலில் காயவைத்துச் சீவி, கல்லில் தண்ணீர் தெளித்து உரைத்தேன். தோள்மூட்டு நோகும்வரை உரைத்தேன். மஞ்சளாய்க் களி வந்தது. நனைந்த பலகையின் மணம்தான் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். மூன்று நாட்டில் இருந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்த மரம். வயிரமும் வைத்திருக்கிறது, நிறமும் வைத்திருக்கிறது, மணம் தரும் எண்ணெய் மட்டும் இல்லை. தொலைபேசியில் நிறம் போகும், மணம் போகாதே.

உரைத்தாயிற்று என்றதும் அண்ணை விடுவதாக இல்லை. "அம்மான்ர கையில குடு, நான் பார்க்கோணும்." அம்மாவைத் தலையணையில் சாய்த்து இருத்தி, களியைப் புறங்கையில் பூசிவிட்டேன். தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தேன். அம்மா கையை மூக்கடியில் வைத்து இழுத்து இழுத்து மோந்தார்.

"அம்மா, மணக்குதோ?" இரண்டு நாட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஓம் ராசா. நல்லா மணக்குது."

கதைத்து முடித்து எல்லோரும் போனபிறகு கேட்டேன்.

"உண்மையா மணந்ததோ?"

"இல்லை."

"பிறகேன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அதுகள் தூர இருக்குதுகள். மனம் நோகும்."

"அப்ப இதை அம்மனுக்குக் கொண்டுபோகட்டோ?"

"என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை. அதுகளுக்குச் சொன்ன மாதிரி அம்மனுக்குச் சொல்ல ஏலுமோ."

"கோணல் மரத்தைத் தறிப்பமோ?"

"அதுவும் இப்பிடி இருந்தா? நிண்டு முத்தட்டும். நான் இல்லாட்டியும் நீ இருக்கிறாய்தானே, நீ கொண்டுபோய்ச் சாத்து."

தூர இருக்கிறவர்களுக்கு மனம் நோகக்கூடாது. கிட்ட இருக்கிறவளுக்கு நோகலாம். அம்மாவின் கையை ஈரத்துணியால் துடைத்தேன், கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தேன்.

இரவு குழுவில் அண்ணை கும்பிடும் கைகளைப் போட்டு, 'அம்மான்ர நேர்த்திக்கு ஒரு வழி பிறந்திட்டுது, இனி எல்லாருக்கும் நிம்மதி' என்று எழுதியிருந்தார். தங்கச்சி கீழே இதயம் போட்டிருந்தாள். நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். உண்மையை எழுதினால் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கவேண்டும்.